நனையாத ஆசனம்

குற்றாலத்துக்கு நான் போவது குளிப்பதற்காக அல்ல என்று சொன்னால் சிநேகிதர்கள் என்னை ஒரு தினுசாகப் பார்ப்பார்கள். ஆனி ஆடியில் அங்கே கூடுகிற கூட்டம் முழுவதும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியின் கீழே தலையைக் கொடுக்க வருகிற கூட்டம். நானோ அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆள் நடமாட்டம் குறைந்த ஓர் ஓடைக்கரைப் பாறையைத் தேடிப் போய் உட்காருகிறவன். மேகம் மலையுச்சியிலிருந்து கழன்று இறங்கி வருவதையும், சாரல் விழுந்ததும் மரங்களெல்லாம் ஒரு தரம் சிலிர்த்துக்கொள்வதையும் பார்த்துக்கொண்டிருப்பதில் எனக்கு அலுப்புத் தட்டியதே இல்லை. என் நாவல்களில் இரண்டு அந்தப் பாறையில்தான் கருக்கொண்டன. ஆனால் ஒரே ஒரு நிபந்தனை: நான் நனையக் கூடாது.

"நனைவதற்கென்றே ஆண்டவன் படைத்த ஊருக்குப் போய், நனையாமல் உட்கார ஆசைப்படுகிற மனுஷர் நீர் ஒருவர்தாம் ஐயா!" என்று ஒரு நண்பர் கேலி செய்வார். செய்யட்டும். நனைந்துகொண்டே இயற்கையை ரசிப்பது கவிதையில் சாத்தியம். கவிதைக்கு ஜலதோஷம் பிடிக்காது.

குடை இருக்கிறதே என்பீர்கள். குடை மேலேயிருந்து வருகிற மழைக்குச் சமாதானம் சொல்லும். கீழேயிருந்து வருகிற ஈரத்துக்கு யார் சமாதானம் சொல்வது? பாறை ஈரம், புல் ஈரம், பாறையின் மேல் படர்ந்த பாசி அதைவிட ஈரம். உட்கார்ந்த கால் மணி நேரத்துக்குள் வேட்டி நனைந்து, குளிர் இடுப்பு வழியாக மெல்ல மேலே ஏறும். பிறகு மனம் கதாநாயகியை விட்டுவிட்டுக் காப்பி ஹோட்டலைப் பற்றி நினைக்கத் தொடங்கிவிடும். இதற்கு விஞ்ஞானிகள் காரணம் சொல்லியிருக்கிறார்கள். அசையாத காற்றைப்போல ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு வேகத்தில் தண்ணீர் நம் உடம்பின் சூட்டைக் கடத்திக்கொண்டு போய்விடுமாம். ஈர நிலத்தில் உட்காருகிறவன் தன் உடம்புச் சூட்டைப் பூமிக்குத் தானம் செய்கிறான் என்று அர்த்தம். பூமாதேவிக்கோ அது போதவே போதாது.

இந்தத் தானத்தைத் தடுப்பதற்கு என்னிடம் ஒரு சாதனம் இருந்தது. ஆறடிக்குச் சற்று அதிகமான நீளமும் மூன்றடி அகலமும் உள்ள ஒரு ரப்பர்ப் பாய். ஒரு பக்கம் துணி, மறு பக்கம் கறுப்பு ரப்பர், ஓரங்களில் பித்தளை வளையம் வைத்த துளைகள். என் தாய்மாமா 1957-இல் மலேயாவை விட்டு ஊருக்கு வந்தபோது தகரப் பெட்டியின் அடியில் கொண்டுவந்தது. அதைப் பாறைமேல் விரித்து, அடியில் நாலு பிடி சருகும் போட்டுவிட்டால் ராஜ சிம்மாசனம் தோற்றது. மழை வலுத்தால் அதையே தலைமேல் போர்த்திக்கொள்ளலாம். முப்பத்தைந்து வருஷம் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன். அதன் பூர்வோத்தரத்தை அறிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியது மிகவும் பிந்தித்தான். அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

திறந்த வெளியில் நனையாமல் இருப்பது நம்மவர்களுக்குப் புதிய பிரச்னை அல்ல. நற்றிணையில் ஓர் இடையன் வருகிறான். முதுகில் ஓலைப்பாய். இரவுத் தூறல் அவனுடைய ஒரு பக்கத்தை மட்டும் நனைக்கிறது. மற்றப் பக்கத்தைப் பாய் காத்துக்கொள்கிறது. கோலை ஊன்றி நின்றபடி சீழ்க்கை அடித்து ஆடுகளை அதட்டுகிறான். பாதி நனைந்து பாதி நனையாமல் நின்ற அந்த மனுஷனைப் பார்த்துக் கவனமாக எழுதி வைத்த புலவர் மகா கெட்டிக்காரர். அந்த இடையனுடைய பாய்க்குப் பின்னால் தாழங்குடை வந்தது, பனையோலைக் குடை வந்தது. கோணியின் ஒரு மூலையை மற்றொரு மூலைக்குள் மடித்துச் செருகித் தலையில் போட்டுக்கொள்கிற கொங்காணி வந்தது. நாற்று நடுகிறவர்கள் மழையில் அதைப் போட்டுக்கொண்டு குனிந்து நிற்பதைத் தூரத்திலிருந்து பார்த்தால் வயல் முழுவதும் காளான் முளைத்ததுபோல இருக்கும்.

கம்பளியைச் சொல்லாமல் விடக் கூடாது. ஆட்டு ரோமத்தில் இயற்கையாகவே ஒரு பசை இருக்கிறது. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பிறகும் 'நனைந்துவிட்டேன்' என்று கம்பளி சீக்கிரம் ஒப்புக்கொள்ளாது. இலங்கை மலைத் தோட்டங்களில் நம் ஜனங்கள் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் கொழுந்து எடுத்ததைப் பார்த்த துரைமார்கள், அந்தச் சொல்லையே தங்கள் இங்கிலீஷில் சேர்த்துக்கொண்டார்கள். அதற்குப் பதிலாக இங்கிலீஷ் நமக்குத் தார்ப்பாயைக் கொடுத்தது. கித்தான் துணிக்குத் தார் பூசி மாலுமிகள் செய்துகொண்டது 'டார்பாலின்'. நம்மவர் வாயில் அது தார்ப்பாய் ஆயிற்று. தார் பூசிய பாய்! அசல் சொல்லைவிட நம் சொல்தான் பொருத்தமாக அமைந்துவிட்டது என்பது என் கட்சி.

ஓலை உடையும், கோணி ஊறும், கம்பளி கனக்கும், தார் ஒட்டும். மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய, தண்ணீர் துளிகூடப் புகாத ஒரு துணி வேண்டுமென்றால் அதற்கு அமெரிக்கக் கண்டத்துக்குத்தான் போகவேண்டும். அங்கே சில மரங்களைக் கீறினால் பால் வடிகிறது. அந்தப் பாலைத் துணியில் பூசிப் புகை காட்டினால் தண்ணீர் இறங்குவதில்லை. இதை அந்த நாட்டுப் பூர்வ குடிகள் எந்தக் காலத்திலோ கண்டுகொண்டுவிட்டார்கள். மெக்ஸிகோவில் குடியேறிய ஸ்பானியர்கள் தங்கள் மேலங்கிகளுக்கு இந்தப் பாலைப் பூசிக்கொண்டதைப் பற்றி, டார்க்கேமாடா என்ற பாதிரியார் 1615-இல் வெளிவந்த தம் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். மழைக்கு அது நல்லதுதான், ஆனால் வெயில் பட்டால் கெட்டுவிடும் என்று அப்போதே ஒரு குறையையும் சொல்லி வைத்தார். அந்த ஒரு குறையைத் தீர்க்க மனிதனுக்கு மேலும் இருநூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

1735-இல் பூமியின் வடிவத்தை அளப்பதற்காகப் பிரெஞ்சு விஞ்ஞானிகள் தென்னமெரிக்காவுக்குப் போனார்கள். அவர்களில் ஒருவரான லா கொந்தாமின், மறு வருஷமே ரப்பர் மாதிரிகளைப் பாரிஸுக்கு அனுப்பிவைத்தார். நட்சத்திரங்களைப் பார்த்துக் கோணம் அளக்கிற தம்முடைய கருவி மழையில் கெடாமல் இருக்க, ரப்பர்ப் பால் பூசிய துணியால் அவர் ஓர் உறை செய்துகொண்டார். மலைச் சிகரங்களில் வருஷக்கணக்காகக் குளிரிலும் மழையிலும் கிடந்த மனுஷர் அவர். முதலில் கருவிக்குத்தான் போர்த்தினார். எழுதுகிறவர்கள் மழை வந்தால் முதலில் கைப்பிரதியை மடியில் ஒளித்துக்கொள்வதுபோல.

ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்த ரப்பர் பால் அல்ல, காய்ந்த கட்டி. கட்டியை மறுபடியும் பாலாக்குவது எப்படி என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆகவே பென்ஸில் எழுத்தை அழிக்கிற உத்தியோகம்தான் அதற்கு முதலில் கிடைத்தது.

இனிமேல் கதை ஸ்காட்லாந்துக்குப் போகிறது. கிளாஸ்கோ நகரத்தில் ஜார்ஜ் மக்கின்டாஷ் என்று ஒரு சாயப் பட்டறை முதலாளி இருந்தார். பாறைகளில் படர்கிற ஒரு வகைப் பாசியிலிருந்து ஊதாச் சாயம் எடுப்பது அவர் தொழில். அந்தச் சாயத்துக்கு அம்மோனியா தேவை. அந்தக் காலத்தில் அம்மோனியாவுக்கு ஒரே வழி, நகரத்து வீடுகளிலிருந்து சிறுநீரைப் பீப்பாய் பீப்பாயாகச் சேகரிப்பதுதான். தொழில் ரகசியம் வெளியே போகக் கூடாது என்பதற்காகப் பட்டறையைச் சுற்றிப் பத்தடி மதில் எழுப்பினார். வேலைக்கும் மலைப் பிரதேசத்திலிருந்து கேலிக் பாஷை மட்டுமே பேசத் தெரிந்தவர்களாகப் பார்த்து வைத்துக்கொண்டார். இங்கிலீஷ் தெரியாதவன் யாரிடம் போய் ரகசியத்தைச் சொல்வான்!

இவருடைய பிள்ளை சார்லஸ், 1766-இல் பிறந்தவர். அவர் காலத்தில் கிளாஸ்கோவில் காஸ் விளக்கு வந்துவிட்டது. நிலக்கரியிலிருந்து காஸ் எடுத்தபின் தங்குகிற தாரையும் நாற்றமெடுத்த நீரையும் என்ன செய்வதென்று தெரியாமல் கம்பெனிக்காரர்கள் விழித்துக்கொண்டிருந்தார்கள். அதில் அம்மோனியா இருக்கிறதென்று சார்லஸ் அத்தனையையும் வாங்கிக்கொள்ள ஒப்பந்தம் செய்துகொண்டார். அம்மோனியா சாயத்துக்குப் போயிற்று. தாரை வடித்ததில் நாப்தா என்ற எண்ணெய் மிஞ்சியது. அதையும் வீணாக்குவானேன் என்று பார்த்தபோது, ரப்பர்க் கட்டி அதில் கரைகிறது என்பது தெரிந்தது. எடின்பரோவில் ஜேம்ஸ் ஸைம் என்ற வைத்திய மாணவர் இதை முன்பே கண்டுபிடித்து 1818-இல் பத்திரிகையிலும் எழுதியிருந்தார். ஆனால் அவருக்கு அறுவைச் சிகிச்சையில்தான் மனம். பெரிய டாக்டராகிப் புகழ் பெற்றார். மழைக்கோட்டை மறந்துவிட்டார்.

கரைந்த ரப்பரைத் துணியில் பூசினால் பிசுபிசுவென்று தொட்டதிலெல்லாம் ஒட்டும். மக்கின்டாஷின் கெட்டிக்காரத்தனம் இங்கேதான் இருக்கிறது. பிசுபிசுப்பை ஒழிக்க அவர் முயலவில்லை. அதை ஒளித்துவைத்தார். இரண்டு துணிகளை எடுத்து, நடுவில் ரப்பர்க் கரைசலைப் பூசி ஒன்றோடொன்று ஒட்டிவிட்டார். வெளியே பார்த்தால் துணி, உள்ளே ரப்பர். 1823-இல் பேட்டண்டு கிடைத்தது. மான்செஸ்டரில் தொழிற்சாலை எழுந்தது. மழைக்கோட்டுக்கே உலகம் அவர் பெயரை வைத்துவிட்டது, அந்தப் பெயரில் அவர் எழுதாத ஓர் எழுத்தையும் சேர்த்து.

முதல் மழைக்கோட்டுகள் பட்ட பாடு தனிக் கதை. தையற்காரர்கள் வழக்கம்போல ஊசியால் தைத்தார்கள். ஊசி போன துளைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. குற்றம் துணியின் மேல் விழுந்தது. நாற்றமோ, அதைப் போட்டுக்கொண்டு கோச்சு வண்டியில் ஏறினால் மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்ளும்படி இருக்குமாம். குளிர் காலத்தில் பலகைபோல விறைத்தது. வெயில் காலத்தில் உருகி ஒழுகியது. உடம்பின் வேர்வை வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்றதனால், மழையில் நனையாதவன் தன் வேர்வையில் நனைந்தான். டாக்டர்கள் இது ஆரோக்கியத்துக்குக் கெடுதல் என்றார்கள். போதாக்குறைக்கு ரயில் வந்து, ஜனங்கள் மூடிய பெட்டிக்குள் உட்கார்ந்து பிரயாணம் செய்ய ஆரம்பித்தார்கள். மழைக்கோட்டு வியாபாரம் படுத்துக்கொண்டது.

குளிர் தேசங்களில் ஊர் சுற்றுகிறவர்கள்தாம் அதைக் கைவிடவில்லை. ஜான் பிராங்க்ளின் 1825-இல் வடதுருவப் பக்கம் இரண்டாம் முறை தரை வழியாகப் போனபோது, மக்கின்டாஷ் துணியால் செய்த பைகளையும் காற்றடைத்த படுக்கைகளையும் கொண்டுபோனார். 1844-இல் பீட்டர் ஹால்கெட் என்ற கடற்படை அதிகாரி இன்னும் ஒரு படி மேலே போனார். மேலே போட்டுக்கொண்டால் அங்கி, துருத்தியால் காற்றடைத்தால் படகு! கைத்தடி துடுப்பாகும், குடை பாய்மரம் ஆகும். இப்படி ஒன்றைச் செய்து, தேம்ஸ் நதியில் மிதந்தும் காட்டினார். கடற்படை மேலிடம் பாராட்டிவிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டது. எனக்கென்னவோ அந்த ஹால்கெட்டிடம் ஒரு தனிப் பிரியம். குற்றாலத்துக்கு அவர் வந்திருந்தால் அந்தப் பாறையில் அவருக்கும் இடம் கொடுத்திருப்பேன்.

உருகுவதையும் விறைப்பதையும் ஒழித்தவர் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர். ரப்பர்ப் பைத்தியம் பிடித்தவர் என்று அவரை எல்லாரும் சொன்னார்கள். அது வெறும் கேலி அல்ல. வீட்டுச் சாமான்களை விற்று ரப்பர் வாங்கினார். கடனுக்காகச் சிறைக்குப் போனார். சர்க்காருக்காகச் செய்த 150 தபால் பைகள் வெயில் காலத்தில் உருகி வழிந்தபோதும் அவர் விடவில்லை. 1839-இல் கந்தகம் கலந்த ரப்பர்த் துண்டு ஒன்று தற்செயலாகச் சூடான அடுப்பில் பட்டது. உருக வேண்டியது உருகாமல் தோல்போலக் கெட்டிப்பட்டது. அந்தத் துண்டில்தான் ரப்பரின் தலையெழுத்து மாறிற்று. அவர் பேட்டண்டு வாங்கியது 1844-இல். அதற்குள் அவருடைய மாதிரிகள் இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் கைக்குப் போய்ச் சேர்ந்தன. மக்கின்டாஷின் கூட்டாளியான அவர் மேலே படிந்த மஞ்சள் தூளைப் பார்த்ததும் கந்தகம் என்று ஊகித்து, 1843-இலேயே விண்ணப்பம் போட்டுவிட்டார். வழக்கு நடந்தது. இங்கிலாந்துக் கோர்ட்டு ஹான்காக் பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று. குட்இயர் 1860-இல் இறந்தபோது 2,00,000 டாலர் கடன் வைத்துவிட்டுப் போனார். அவர் பெயரைத் தாங்கிய டயர்க் கம்பெனி 1898-இல் வேறு யாரோ ஆரம்பித்தது. அதிலிருந்து அவர் குடும்பத்துக்கு ஒரு காசும் இல்லை.

அதற்குப் பிறகுதான் என் பாயின் மூதாதை பிறந்தது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குச் சிப்பாய்களுக்கு ரப்பர் பூசிய விரிப்புகள் கொடுக்கப்பட்டன. ராத்திரி ஈர நிலத்தில் விரித்துப் படுப்பதற்கு, மழையில் போர்த்திக்கொள்வதற்கு. பின்னால் எல்லா நாட்டுப் பட்டாளங்களும் இதை எடுத்துக்கொண்டன. வேர்வையை வெளியே விட்டு மழையை வெளியே நிறுத்துகிற துணிகளெல்லாம் 1976-க்குப் பிறகு கடைக்கு வந்துவிட்டன. அவை இறகுபோல லேசாக இருக்கின்றன. விலை மட்டும் லேசாக இல்லை.

உலகம் முழுவதும் ரப்பர் கேட்க ஆரம்பித்தபோது, மரம் இருந்ததோ பெரும்பாலும் பிரேஸில் காட்டில். 1876-இல் ஹென்றி விக்காம் என்ற இங்கிலீஷ்காரர் அங்கிருந்து சுமார் 70,000 விதைகளைக் கப்பலேற்றி லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். நூற்றுக்கு நாலுகூட முளைக்கவில்லை. முளைத்தவற்றில் பெரும்பாலானவை அந்த வருஷமே இலங்கைக்குப் போயின. மறு வருஷம் 22 செடிகள் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தன. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு வந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் தினமும் பட்டையைச் சீவிப் பால் எடுக்கிற முறையைக் கண்டுபிடித்தார். விதையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தோட்டக்காரர்களை விரட்டி விரட்டி நடச் சொன்னார். அவருக்கும் பைத்தியம் என்ற பட்டம் கிடைத்தது. மோட்டார் வந்தது, பைத்தியங்களெல்லாம் தீர்க்கதரிசிகள் ஆனார்கள்.

மரம் வந்துவிட்டது. சீவுவதற்குக் கை வேண்டுமே? அதற்குத்தான் கங்காணிகள் திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் சேலத்துக்கும் வந்தார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய ஜனங்கள் பினாங்கில் இறங்கினார்கள். மாமா கங்காணியோடு போனவர் அல்ல. பள்ளிக்கூடப் படிப்பு இருந்ததனால் பேராக்கில் ஒரு தோட்டத்தில் கிராணி வேலைக்குப் போனார். பெரட்டில் ஆள் கணக்கு எடுத்துச் செக்ரோலில் எழுதுவதும், கொண்டுவருகிற பாலை நிறுப்பதும் அவர் உத்தியோகம்.

ஊருக்கு வந்த பிறகும் மாமாவிடம் ஒரு வழக்கம் போகவில்லை. விடியற்காலையில் மழை பெய்தால் திண்ணையில் எழுந்து உட்கார்ந்துகொண்டு, "இன்னைக்கு வேலை இல்லை" என்பார். யாரிடமும் சொல்வதில்லை, மழையிடம் சொல்வார். சிறுவனாயிருந்த நான் ஒரு நாள் காரணம் கேட்டேன்.

"மருமவனே, ஒங்களுக்கு மழை பெஞ்சாப் பள்ளிக்கூடத்துக்கு லீவு. அங்க மழை பெஞ்சா அடுப்புக்கு லீவு" என்றார்.

பால் நன்றாக ஓடுவது விடியலுக்கு முன்னால், குளிர்ந்த வேளையில்தான். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். ஆகையால் நாலு மணிக்கு எழுந்து இருட்டில் பெரட்டுக்கு வருவார்கள். பட்டை நனைந்திருந்தாலோ சீவக் கூடாது. சீவின கோட்டில் பால் ஓடாமல் மழைத் தண்ணீரோடு மரமெல்லாம் வழிந்து மண்ணுக்குப் போய்விடும். மரத்துக்கும் பட்டை அழுகல் வரும். எனவே மழை நாளில் சீவல் இல்லை. மாமாவின் தோட்டத்தில் சீவல் இல்லாத நாளுக்குக் கூலியும் இல்லை. தூறல் விடுமா விடாதா என்று துரை வந்து தீர்மானிக்கும் வரையில் ஜனங்கள் வெளியே நிற்பார்கள்.

"நான் ஆபீசுக்குள்ள உக்காந்திருப்பேன். அவுக வெளிய நிப்பாக. அத்தனை பேரும் மானத்தைப் பாக்க மாட்டாக, என் பேனாவைப் பாப்பாக" என்றார் மாமா.

அப்போது எனக்கு அது ஒரு கதை, அவ்வளவுதான். பெட்டியிலிருந்து பாயை எடுத்து எனக்குக் கொடுத்தார். நான் அதைக் கொண்டு குற்றாலத்தில் குடித்தனம் போட்டேன். வெகு காலம் கழித்து என் இரண்டாவது நாவல் வெளிவந்ததும், "இதை உங்கள் பாயில் உட்கார்ந்துதான் மாமா யோசித்தேன்" என்று பெருமையாகப் பிரதியை நீட்டினேன். அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை. பாயைப் பற்றிப் பேசினார்.

1942-இல் ஜப்பானியர் மலேயாவைப் பிடித்ததும் ரப்பர் வாங்க ஆள் இல்லை. தோட்டங்கள் படுத்தன. சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் போட ஆள் வேண்டுமென்று தோட்டத்து ஜனங்களை ஆயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை, காட்டுக்குள்ளே. 1943-இல் மழை பிடித்தது. மூங்கில் கொட்டகை, ஒழுகுகிற ஓலைக் கூரை, சேற்றுத் தரை. பசியில் தப்பியவர்களைக் காலராவும் காலராவில் தப்பியவர்களை மலேரியாவும் பார்த்துக்கொண்டன. வெள்ளைக்காரக் கைதிகள் பல்லாயிரம் பேர் செத்தார்கள் என்று உலகத்துக்குத் தெரியும்; சினிமாவும் எடுத்தார்கள். அவர்களைவிட அதிகமாகச் செத்தவர்கள் ஆசியாக்காரத் தொழிலாளிகள். அவர்களில் மிகப் பலர் தமிழர்கள்.

மாமாவின் தோட்டத்திலிருந்து அண்ணன் தம்பி இருவர் போனார்கள். பால்மரம் சீவிக்கொண்டிருந்தவர்கள். சயாம் காட்டில் ஒரு கைதிச் சிப்பாய் சாப்பாட்டுக்காக விற்ற ரப்பர்ப் பாய் ஒன்று அவர்கள் கைக்கு வந்தது. பாய் ஒன்று, ஆள் இரண்டு. ஒரு ராத்திரி அண்ணன், ஒரு ராத்திரி தம்பி என்று முறை வைத்துக்கொண்டார்களாம். அண்ணனுக்குக் காய்ச்சல் கண்டபோது தம்பி முறையை விட்டுக்கொடுத்தான். பிறகு தம்பிக்குக் கண்டது, அண்ணன் விட்டுக்கொடுத்தான். 1945 முடிவில் தோட்டத்துக்குத் திரும்பி வந்தவன் தம்பி மட்டும். தோளில் பாய் இருந்தது. நேரே ஆபீசுக்கு வந்து அதை மாமாவின் மேஜைமேல் வைத்து, "கிராணியாரே, இதை என் கண்ணுல படாத எடத்துல வையுங்க" என்றானாம்.

மாமா பன்னிரண்டு வருஷம் அதைத் தகரப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார். ஒரு நாளும் விரித்ததில்லை. "அவன் கண்ணுல படாம வச்சாச்சு. நீ உக்காந்தாத் தப்பில்லை" என்றார் என்னிடம்.

அதற்குப் பிறகும் நான் அதில் உட்கார்ந்தேன். இதை மறைப்பானேன்? மழை வந்தால் பாறை ஈரமாகத்தான் இருக்கிறது. ஆனால் விரிக்கும்போது பித்தளை வளையங்களை எண்ணுகிற ஒரு பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

1992-ஆம் வருஷம் ஆனி மாதத்தில், ஒரு கல்யாணத்துக்காக நாகர்கோவில் போயிருந்தேன். அங்கேயிருந்து குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறை அணை பார்க்கப் போனேன். வழியெல்லாம் ரப்பர்த் தோட்டம். எத்தனையோ வருஷமாக ரப்பரின் மேல் உட்கார்ந்திருந்தேனே தவிர, ரப்பர் மரத்தின் கீழே நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. பஸ்ஸை விட்டு இறங்கி, தோட்டத்து ஓரத்தில் ஒரு பாறையில் பாயை விரித்தேன். அதற்குள் அது வெடிப்பு விட்டு, மடிப்புகளில் கறுப்புப் பொடி உதிர ஆரம்பித்திருந்தது.

எதிரே வரிசை வரிசையாக மரங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் இடுப்பளவு உயரத்தில், சீவின கோட்டுக்கு மேலே, பிளாஸ்டிக் தாளைக் கொசுவி மரத்தைச் சுற்றி ஒட்டிக் கட்டியிருந்தது. சின்னப் பெண்ணுக்குப் பாவாடை கட்டியதுபோல அது காற்றில் படபடத்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பால் எடுத்துக்கொண்டு வந்த ஒரு பெண்பிள்ளையைக் கேட்டேன். நாற்பது வயது இருக்கலாம். உரச்சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டிருந்தாள்.

"மரம் நனையப்பிடாது சாரே. நனைஞ்சா வெட்டில்லை, வெட்டில்லேன்னா கூலியில்லை. இது கெட்டினதுக்கப்புறம் மழையத்தும் வெட்டுண்டு" என்றாள்.

மழை தொடங்குமுன் மரத்துக்கு மரம் தார்ப்பசை வைத்து ஒட்ட வேண்டுமாம். உலகத்துக்கெல்லாம் மழைக்கோட்டுக் கொடுத்த மரம் தானும் ஒரு மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறது! எனக்குச் சிரிப்பு வந்தது. மாமா அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் அன்றைக்கே ஒரு கடிதம் எழுதியிருப்பேன். திண்ணையில் உட்கார்ந்து மழையிடம் என்ன சொல்லியிருப்பாரோ?

அவள் குனிந்து என் பாயின் ஓரத்தைத் தொட்டாள். விரலை மோந்து பார்த்தாள்.

"இது ஷீட்டுக்க மணமில்லா?"

"ஆமாம். பழைய பாய். மலேயாவிலிருந்து வந்தது."

"எங்க தாத்தா மலேயாவுக்குப் போனாரு. வரல்லை" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

சற்று உட்காரும்படி சொல்லிப் பாயின் ஒரு பக்கத்தை ஒழித்துக் கொடுத்தேன். பாதி மரம் இன்னும் பாக்கி இருப்பதாகச் சொன்னாள். மழை வலுத்தது. சாக்கை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, வாளியை மறு கைக்கு மாற்றி, அடுத்த மரத்துக்குப் போனாள். பாவாடையைத் தூக்கிச் சிரட்டையை எடுத்தாள், பாலை வாளியில் ஊற்றி விரலால் வழித்தாள், சிரட்டையைத் திரும்ப வைத்தாள். அதற்கும் அடுத்த மரத்துக்குப் போனாள். அவள் முதுகு நன்றாக நனைந்திருந்தது. சிரட்டைக்குள் ஒரு துளி மழைகூட விழவில்லை.